அப்பாச்சி சரியாக 5 விநாடி முழித்தால்

அப்பாச்சி வெப் சர்வரின் கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலைத் தொட்டதிலிருந்து பக்கம் திறக்க இழுக்கிறது. ஆனால் சிபியு சும்மா கிடக்கிறது, மெமரியும் தாராளம். அப்பாச்சியில் இப்படி என்றால் முதல் சந்தேகம் டிஎன்எஸ் (பெயரையும் ஐபி முகவரியையும் பொருத்திச் சொல்லும் சேவை) மேல்தான்: பக்கம் கேட்பவரின் ஐபிக்குப் பெயர் என்ன என்று அப்பாச்சி அங்கே கேட்டுக் காத்திருக்கலாம்.

முதலில் அளந்து பாருங்கள். பிரவுசர் வேண்டாம், கேஷும் எக்ஸ்டென்ஷனும் குழப்பும். கர்ல் (கமாண்ட் லைனிலிருந்து பக்கத்தைக் கேட்கும் கருவி) போதும். கனெக்ட் ஆன நேரம், முதல் பைட் வந்த நேரம், இரண்டையும் தனித்தனியே காட்டச் சொல்லுங்கள். பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலிருந்து மும்பை சர்வருக்குக் கனெக்ட் ஆக சில பத்து மில்லிசெகண்டுதான். அது முடிந்தும் முதல் பைட்டுக்கு 5 அல்லது 10 விநாடி ஆனால் விஷயம் பிடிபட்டது: டிஎன்எஸ்ஸிடம் கேள்வி கேட்கும் லினக்ஸ் ரிசால்வர் வழக்கமாக ஒரு கேள்விக்கு 5 விநாடி காத்திருந்து, இரண்டு முறை முயலும். லோடால் வரும் மந்தம் இப்படி அளந்து வைத்தாற்போல் இருக்காது.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். சர்வருக்குள் லாகின் செய்து லோக்கல்ஹோஸ்டை (அதாவது அதே மெஷினை) கர்ல் செய்தால் பதில் பளிச்சென்று வரும். உடனே நெட்வொர்க்கைத் திட்டக் கிளம்பிவிடாதீர்கள். அப்போது கேட்பவரின் ஐபி 127.0.0.1; அதற்கான பெயர் சர்வரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலிலேயே இருக்கிறது. கேள்வி டிஎன்எஸ் வரை போவதே இல்லை. ஆபீஸ் இணைப்பில் மந்தம், மொபைல் டேட்டாவில் வேகம் என்பதும் இதே கதைதான்: கேட்பவரின் ஐபி மாறினால் பதில் சொல்ல வேண்டிய டிஎன்எஸ் சர்வரும் மாறும். 'இந்த ஐபிக்குப் பெயர் இல்லை' என்று பதில் வந்தால் வேலை சட்டென்று முடியும். பதிலே வராவிட்டால்தான் காத்திருப்பு.

உறுதி செய்ய சர்வரில் டிசிபிடம்ப்பை (நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் கருவி) டிஎன்எஸ்ஸின் போர்ட் 53-இல் ஓடவிட்டு, வெளியிலிருந்து பக்கத்தைத் திறங்கள். உங்கள் ஐபி தலைகீழாகத் திரும்பிக் கேள்வியாகப் போனால் குற்றவாளி 'ஹோஸ்ட்நேம்லுக்கப்ஸ் ஆன்' என்ற கான்ஃபிக் வரி. யாரோ லாகில் பெயர் தெரியட்டும் என்று போட்டிருப்பார்கள். ஆஃப் செய்யுங்கள். பெயர் வேண்டுமானால் லாக்ரிசால்வ் (லாகில் உள்ள ஐபிகளைப் பெயராக்கும் கருவி) கொண்டு பிறகு ஆற அமர மாற்றிக்கொள்ளலாம். கான்ஃபிக்கில் பிழை இல்லையா என்று கான்ஃபிக்டெஸ்ட் ஓட்டிவிட்டு, ரீஸ்டார்ட்டுக்குப் பதில் கிரேஸ்ஃபுல் (மென்மையான ரீஸ்டார்ட்) கொடுங்கள். நடப்பில் உள்ள கோரிக்கைகள் அறுபடாது.

பின்சேர்க்கை: ஆஃப் செய்தும் மந்தம் போகவில்லையா? 'ரிக்கொயர் ஹோஸ்ட்' வரி (பெயரைப் பார்த்து அனுமதி தருவது) எங்காவது இருக்கலாம். அது இருந்தால் அப்பாச்சி ஆஃபைப் பொருட்படுத்தாது. ஐபியிலிருந்து பெயர், பெயரிலிருந்து மறுபடி ஐபி என்று இரு வழியும் தேடும். ஹெச்டிஅக்செஸ் ஃபைல்களையும் (ஃபோல்டருக்குள் இருக்கும் கான்ஃபிக்) சேர்த்து கிரெப் கொண்டு தேடி, 'ரிக்கொயர் ஐபி' என்று மாற்றுங்கள்.