வெளிநாட்டில் படிக்கப் போகிறீர்களா? நாட்டைத் தேடும் முன்னால் பேப்பரைத் தேடுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கமிருந்து வெளிநாட்டுக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போக நினைக்கிற பையன்கள், பொண்ணுகள், அவர்களோடு சேர்ந்து அலையப்போகிற அப்பா அம்மாக்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இது. பெரியப்பா மகன் ஜெர்மனி போயிட்டான், பக்கத்து வீட்டு அம்மிணி கனடா போயிருச்சு என்று ஆரம்பித்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குடும்பத்தோடு ஒரு கன்சல்டன்சியில் போய் உட்காருவதுதான் நம்ம ஊர் வழக்கம். அதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். எந்த நாடாக இருந்தாலும் கேட்கப்போகிற காகிதங்கள் ஏறக்குறைய ஒன்றுதான், நம்ம ஆட்களுக்கு வேலை நின்றுபோவதும் பெரும்பாலும் அங்கேதான். அடுத்த வருஷம் செப்டம்பர், அக்டோபரில் வகுப்பில் உட்கார வேண்டுமென்றால் இந்த வருஷம் ஜூன், ஜூலையிலேயே ஆரம்பித்துவிடணும்.

முதலில் பேர். சிரிக்காதீர்கள், இதுதான் பெரிய தலைவலி. மார்க் ஷீட்டில் "கார்த்திகேயன் பி", ஆதாரில் "பி. கார்த்திகேயன்", பாஸ்போர்ட்டில் சர்நேம் பழனிசாமி, கிவன் நேம் கார்த்திகேயன். அந்தப் பழனிசாமியும் பான் கார்டில் ஒரு ஸ்பெல்லிங், சொத்துப் பத்திரத்தில் சாதிப் பேரோடு வேறொரு ஸ்பெல்லிங். இன்ஷியலில் வாழ்கிற நமக்கு இதெல்லாம் ஒரே ஆள்தான், ஆனால் வெளிநாட்டில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இது மூன்று பேர். பாஸ்போர்ட்டில் இருப்பதையே மூலமாக வைத்துக்கொண்டு ஐஇஎல்டிஎஸ் (ஆங்கிலத் தேர்வு), ஜிஆர்இ (மாஸ்டர்ஸ் சேர்க்கைக்கான தேர்வு), விண்ணப்பம் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். மார்க் ஷீட்டை மாற்றப் போகாதீர்கள், அது லேசில் முடிகிற காரியம் இல்லை. இன்ஷியலை விரித்து எழுதி, இரண்டு பெயரும் ஒரே நபருடையதுதான் என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் வாங்கி வைத்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் போதும். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் மட்டும் அதை முதலில் சரி செய்யுங்கள். அமெரிக்க விசாவில் அப்படிப்பட்டவர்களின் ஒற்றைப் பேரைச் சர்நேமாகப் போட்டு, கிவன் நேம் இடத்தில் "எஃப்என்யு" என்று அடித்துவிடுவார்கள், முதல் பேர் தெரியாது என்று அர்த்தம், அப்புறம் பேங்க் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ் எல்லாவற்றிலும் அந்தப் பேரோடுதான் சுற்றணும். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரிக்காரர்களுக்குக் கோவை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம்தான், சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

அடுத்தது டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லா செமஸ்டர் மார்க்கையும் ஒன்றாகத் தொகுத்துக் கொடுக்கிற அதிகாரபூர்வப் பட்டியல். உங்கள் காலேஜ் தன்னாட்சிக் கல்லூரி என்றால் அங்கேயே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கிடைக்கும். வெறும் இணைப்புக் கல்லூரி என்றால் அண்ணா பல்கலைக்கழகத்திடமோ, கலை அறிவியல் என்றால் பாரதியார், பெரியார் மாதிரி உங்கள் காலேஜ் இணைந்திருக்கிற பல்கலைக்கழகத்திடமோதான் கேட்கணும். சீல் வைத்த கவரில் நாலைந்து செட் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தடவையும் போய் நிற்க முடியாது. படித்தது ஆங்கில வழியில்தான் என்று ஒரு கடிதமும் அதே கையோடு வாங்கிவிடுங்கள், சில பல்கலைக்கழகங்கள் ஐஇஎல்டிஎஸ்ஸுக்குப் பதிலாக அதையே ஏற்றுக்கொள்கின்றன. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர்கள் பயப்பட வேண்டாம், பல்கலைக்கழகங்கள் பார்ப்பது டிகிரி எந்த மொழியில் என்பதை. அரியர் வைத்து எழுதி முடித்தவர்கள் அதை மறைக்கப் பார்க்காதீர்கள். எந்த செமஸ்டரில் எப்போது பாஸ் என்பது மார்க் ஷீட்டுகளிலேயே கிடக்கும், கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஜெர்மனிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளணும், ஏபிஎஸ் சான்றிதழ். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு மாணவர் விசா வாங்க இது கட்டாயம். உங்கள் சான்றிதழ்கள் அசல்தானா என்று பார்த்துக் கொடுப்பது, கட்டணம் 18,000 ரூபாய், வாரக்கணக்கில் ஆகும், கூட்டம் அதிகமான மாதங்களில் இன்னும் இழுக்கும். உங்கள் மார்க்கை ஜெர்மன் மார்க்காக மாற்றிப் பார்ப்பதை நீங்களே செய்யலாம், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். பத்திலிருந்து உங்கள் சிஜிபிஏவைக் கழியுங்கள், வந்ததை ஐந்தால் வகுங்கள் (பத்துக்கு ஐந்து பாஸ் என்றால்), மூன்றால் பெருக்குங்கள், ஒன்றைக் கூட்டுங்கள். 7.5 எடுத்தவருக்கு 2.5 வரும். அங்கே எண் குறையக் குறைய நல்லது. நிறைய இடங்களில் 2.5தான் கோடு, அதனால் ஏழரைக்குக் கீழே இருப்பவர்கள் எந்தக் கோர்ஸில் என்ன வரம்பு என்று பார்த்துப் போடுங்கள். பல பல்கலைக்கழகங்கள் யூனி அசிஸ்ட் என்கிற பொது விண்ணப்ப அமைப்பு வழியாகத்தான் விண்ணப்பம் வாங்கும், முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டருக்கு அடுத்தடுத்து போடுவதற்கு 30 யூரோ. குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 பொதுவான கடைசி நாள் என்றாலும், வெளிநாட்டு மாணவர்களுக்கு மார்ச், மே மாதங்களிலேயே மூடிவிடுகிற கோர்ஸ்கள் ஏராளம். நாடு முழுக்கக் கோர்ஸ் தேட ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட்டின் (DAAD) இணையதளம் போதும், இலவசம்.

ஜெர்மனியில் ஃபீஸே இல்லை என்று சொல்வது முக்கால் உண்மை. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், அதாவது ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ பக்கம், நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலத்திலிருந்து மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000, 6,000 யூரோ என்று வாங்குகிறது. அப்புறம் பிளாக்டு அக்கவுண்ட், அதாவது விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கிற கணக்கு, இப்போதைக்கு 11,904 யூரோ. இதைத்தான் ஊரில் பலர் ஃபீஸ் என்று நினைத்து மிரண்டு போகிறார்கள். அது உங்கள் பணம், அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக உங்கள் கைக்கே திரும்பி வரும், அந்த வருஷத்துச் சாப்பாடும் வாடகையும் அதுதான்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவுக்கு முன்பு சீக்கிரம் விசா தந்த எஸ்டிஎஸ் வழியை 2024 நவம்பரில் மூடிவிட்டார்கள், கையிருப்பாகக் காட்ட வேண்டிய தொகையும் ஏறிவிட்டது. ஆஸ்திரேலியாவில் விசாக் கட்டணமே 2,000 ஆஸ்திரேலிய டாலர், திருப்பித் தர மாட்டார்கள். இங்கிலாந்தில் ஒரு வருஷ மாஸ்டர்ஸ், செலவு ஒரே மூச்சில் வந்துவிடும், படிப்பு முடிந்து அங்கே தங்கி வேலை தேட இரண்டு வருஷம் இருந்ததை 2027 ஜனவரியிலிருந்து 18 மாதமாகக் குறைக்கிறார்கள். அமெரிக்கா பணமும் தைரியமும் இருப்பவர்களுக்கு. இது என் கருத்து, சண்டைக்கு வராதீர்கள்.

நம்ம ஆட்கள் அதிகம் கண்டுகொள்ளாத ஒன்று எராஸ்மஸ் முண்டஸ். ஐரோப்பாவில் குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கிற மாஸ்டர்ஸ், உதவித்தொகை கிடைத்தால் ஃபீஸும் இல்லை, மாதம் 1,400 யூரோ கையிலும் தருவார்கள். இதை அதிகம் வாங்குகிற நாடுகளில் இந்தியாவும் பாகிஸ்தானும் முன்வரிசையில் நிற்கின்றன. லாகூரிலிருந்தும் கராச்சியிலிருந்தும் போட்டி போடுகிறவர்களும் நம்மைப் போலத்தான், அதே விசா வரிசை, அதே வீட்டுக் கணக்கு. அக்டோபரில் திறந்து ஜனவரி வாக்கில் மூடுவார்கள், ஃபைனல் இயர் படிக்கும்போதே போடலாம். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் தனியாக இருக்கின்றன, லோனைப் பற்றி யோசிக்கும் முன் அதைப் பாருங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். "எட்டு ஏக்கர் தோட்டம் இருக்குதுங்க, கெணறு இருக்குது, தென்னை இருக்குது, லோன் தரமாட்டாங்களா?" பெரும்பாலும் தரமாட்டார்கள். கடன் வராக்கடன் ஆனால் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுத்துக்கொள்ள பேங்குக்கு அதிகாரம் கொடுக்கிற 2002 சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது, அதன் 31வது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. அதனால் கோடி ரூபாய் தோட்டத்தைவிட டவுனில் இருக்கிற ஒரு சின்ன வீடோ டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற சைட்டோதான் மேனேஜர் கண்ணுக்குச் சொத்து. வங்கிகள் பின்பற்றுகிற மாதிரித் திட்டத்தின்படி ஏழரை லட்சம் வரை பொதுவாக அடமானம் வேண்டாம், அதற்கு மேல் சொத்து. நல்ல ரேங்க் உள்ள பல்கலைக்கழகம் என்றால் சில வங்கிகள் அடமானமில்லாமலும் தருகின்றன. தனியார் நிதி நிறுவனங்களும் தரும், வட்டியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சொத்து இருந்தாலும் அது யார் பேரில் இருக்கிறது என்று இப்போதே பெட்டியைத் திறந்து பாருங்கள். தாத்தா பேரிலேயே கிடக்கும், பாகப்பிரிவினை ஆகியிருக்காது, கூட்டுப் பட்டாவில் பங்காளிகள் நாலு பேர் இருப்பார்கள். பேங்க் வக்கீல் மூலப்பத்திரம் கேட்பார், பொதுவாக 30 வருஷ வில்லங்கச் சான்று கேட்பார், கட்டிக்கொடுத்த அத்தைகள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா என்று கேட்பார். அத்தை வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை என்றால் அட்மிஷன் லெட்டர் வந்தபிறகு அதைச் சரி செய்ய நேரம் இருக்காது. இதை அப்பா, சித்தப்பா எல்லோரும் சேர்ந்து தை மாசத்துக்குள் முடித்துவிடுங்கள்.

இன்னொரு சிக்கல் ஐடி ரிட்டன். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் தாக்கலே செய்யாத வீடுகள் நம்மிடம் அதிகம். தறி, கோழிப்பண்ணை, லாரி வைத்திருப்பவர்கள் தாக்கல் செய்தாலும் மிகக் குறைத்துக் காட்டியிருப்பார்கள். ஆனால் பேங்கும் சரி, விசா அதிகாரியும் சரி, இரண்டு மூன்று வருஷ ரிட்டனைத்தான் கேட்பார்கள். விவசாய வருமானத்தையும் காட்டி உண்மையான கணக்கைத் தாக்கல் செய்யச் சொல்லி ஆடிட்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். சீட்டு எடுத்த பணத்தையோ நிலம் விற்ற பணத்தையோ திடீரென்று கணக்கில் போட்டால் எங்கிருந்து வந்தது என்று காட்ட கிரயப் பத்திரம் முதல் எல்லாம் வேண்டும். இங்கிலாந்து விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்கணும், நடுவில் ஒரே ஒரு நாள் நூறு ரூபாய் குறைந்தாலும் அந்தக் கணக்கு செல்லாது. அப்பா அவசரத்துக்கு நூல் வாங்க எடுத்தார் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

எஸ்ஓபி எனப்படும் நோக்க அறிக்கையில் "சிறுவயது முதலே தொழில்நுட்பத்தில் ஆர்வம்" என்று ஆரம்பித்தால் படிக்கிறவர் அடுத்த ஃபைலை எடுத்துவிடுவார். எழுத விஷயம் உங்கள் தெருவிலேயே கிடக்கிறது. திருப்பூர்ப் பொண்ணு ஒருத்தி சுற்றுச்சூழல் பொறியியலுக்குப் போடுகிறாள் என்றால், நொய்யல் மாசுக்காக 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவும், அதற்கப்புறம் கழிவுநீர் வெளியேறாத சுத்திகரிப்பு முறைக்கு ஊர் பட்ட பாடும், அதில் மிஞ்சுகிற உப்பை என்ன செய்வது என்கிற கேள்வியும் போதும், ஒரு பக்கம் நிறைந்துவிடும். பல்லடம், சோமனூர் தறிக்காரர் வீட்டுப் பையன் ஜவுளிப் பொறியியலுக்குப் போடுகிறான் என்றால் ஆகன் நகரத்து ஆர்டபிள்யூடிஎச், டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டிலும் ஜவுளித் தொழில்நுட்பத்துக்கென்றே ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன; எந்தத் தறி, எங்கே இழை அறுகிறது, அதற்கு நீ என்ன செய்து பார்த்தாய் என்று எழுதட்டும். ஏஐயிடம் கொடுத்து வாங்கியதும், கன்சல்டன்சி வைத்திருக்கும் பழைய மாதிரியும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் போனால் பேராசிரியர் "நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்" என்பார். முடிந்தவரை வேண்டாம் சார் என்று சொல்லி, நீங்கள் செய்த ப்ராஜெக்ட், அவர் பாடத்தில் வாங்கிய மார்க் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அவரையே எழுதச் சொல்லுங்கள். அவருடைய காலேஜ் இமெயில் முகவரியையும் கேட்டு வாங்குங்கள், வெறும் ஜிமெயில் முகவரியைப் பல இடங்களில் ஏற்பதில்லை. அந்தக் காலேஜ் மெயில் வருஷக்கணக்கில் திறக்காமல் கிடக்கும், அவரைத் திறக்க வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

கன்சல்டன்சிக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்களிடம் காசு வாங்காமல் இலவசமாகச் செய்கிறவருக்கு அந்தப் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள், அவர் காட்டுகிற பட்டியலில் கமிஷன் தராத நல்ல பல்கலைக்கழகம் வராது. விண்ணப்பத்துக்கு உங்கள் சொந்த இமெயில், சொந்த பாஸ்வேர்டு. பொய்யான அனுபவச் சான்றிதழ் தயார் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், பிடிபட்டால் வருஷக்கணக்கில் தடை விழும், அவருக்கு ஒன்றும் ஆகாது.

அமெரிக்க விசா இன்டர்வியூ சென்னையில். ஈரோட்டிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ், கோவையிலிருந்து சேரன் என்று ராத்திரி ரயில் இருந்தாலும் அன்றைக்குக் காலையில் போய் இறங்காதீர்கள், ஒரு நாள் முன்னாடியே போய்த் தூங்கி எழுந்து போங்கள். எந்தக் கோர்ஸ், ஏன் அந்தப் பல்கலைக்கழகம், யார் பணம் கட்டுகிறார்கள், அப்பா என்ன செய்கிறார், இவ்வளவுதான் கேட்பார்கள். தறி ஓட்டுகிறார் என்றால் தறி ஓட்டுகிறார் என்றே சொல்லுங்கள், டெக்ஸ்டைல் பிசினஸ் கன்சல்டன்ட் ஆக்காதீர்கள். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசாக் கேட்பவர்கள் சமூக வலைத்தளக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்கச் சொல்கிறார்கள், அதையும் முன்கூட்டியே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒரிஜினல் சான்றிதழ்கள். யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள், ஸ்கேன் மட்டும் கொடுங்கள். பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து நோட்டரி அஃபிடவிட் வரை எல்லாவற்றையும் கலரில் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு ஃபைலுக்கும் என்ன காகிதம் என்று பேர் வைத்து உங்கள் மெயிலிலும் அப்பா ஃபோனிலும் போட்டுவிடுங்கள், விசா கவுண்டரில் நின்றுகொண்டு வீட்டுக்கு ஃபோன் போட்டு "பீரோவுல மேல் தட்டுல பாருங்கம்மா" என்று தேட வேண்டியிருக்காது.