படபடப்பு வந்தால் மெட்ரோவிலிருந்து இறங்கி ஓடாதீர்கள்

பெங்களூரு மெஜஸ்டிக்கில் காலைக் கூட்டத்தில் மெட்ரோ பர்ப்பிள் லைன் ஏறியிருந்தேன். விதான சௌதா தாண்டியதும் நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டது, விரல்கள் மரத்துப்போயின, செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். கப்பன் பார்க்கில் கதவு திறந்ததும் ஓடி இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தேன், கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், நார்மல். கேஸ் ட்ரபிள் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் நான்கு மாதம் மெட்ரோ பக்கமே போகவில்லை. எனக்கு வந்தது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று உச்சத்துக்குப் போகும் பயம். அன்று இறங்கி ஓடியதுதான் தப்பு.

அதற்காக, முதல் தடவை நெஞ்சுவலி வந்தால் இது பேனிக்தான் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், சுகரோ பிபியோ இருந்தால் கட்டாயம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும், அந்த ரத்தப் பரிசோதனையையும் செய்துவிடுங்கள்.

இதயத்தில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு இதை மனதில் வையுங்கள்: பேனிக் அட்டாக் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், தானாகவே இறங்கும். பக்கத்தில் இருப்பவர்கள் "நல்லா இழுத்து மூச்சு விடு" என்பார்கள். ஆனால் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்கித்தான் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, விரல் மரத்து, தலை சுற்றுகிறது. அதனால் பெரிய மூச்சு வேண்டாம். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை மெதுவாக இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள், முடிந்தவரை நின்ற இடத்திலேயே இருங்கள். இறங்கி ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை கற்றுக்கொள்ளும், அடுத்த தடவை ஸ்டேஷன் படிக்கட்டிலேயே பயம் ஆரம்பித்துவிடும்.

பழைய இடத்துக்குப் படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். எனக்கு உதவிய சைக்காலஜிஸ்ட் முதல் வாரம் ரயிலே ஏறச் சொல்லவில்லை, பிளாட்பாரத்தில் நின்று நான்கு ரயில்கள் போவதைப் பார்க்கச் சொன்னார். அப்புறம் கூட்டமில்லாத மதியத்தில் ஒரே ஒரு ஸ்டேஷன், அது பழகியதும் ட்ரினிட்டி வரை, கடைசியாகத்தான் காலைக் கூட்டம். ஒவ்வொரு படியிலும் பயம் ஏறி, தானாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும், முக்கியமான வேலையே அதுதான். சிபிடி என்கிற பேச்சு சிகிச்சையில் இதுவும் ஒரு பகுதி.

மாத்திரை தேவைப்பட்டால் தயங்காதீர்கள். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை வேலை செய்ய சில வாரங்கள் ஆகும், முதல் சில நாள் படபடப்பு கூடவும் செய்யலாம், அதைப் பார்த்துப் பயந்து டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள். அல்பிரசோலம் உடனே அடக்கும், ஆனால் பழக்கமாகிவிடும், பழைய சீட்டை வைத்துத் திரும்பத் திரும்ப வாங்காதீர்கள். ஃபில்டர் காபியையும் கொஞ்ச நாள் குறைத்துப் பாருங்கள்.

ஓசூர் ரோட்டில் நிமான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, "அங்கே போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று அம்மா அழுதாலும் போங்கள். இப்போதைக்கு யாரிடமாவது பேசினால் போதும் என்றால் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம்தான், தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.