எட்டு போடும்போது கால் ஏன் தரையைத் தேடுகிறது?

பதினோரு வருஷமாகப் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். மைதானத்தில் பேசிக்கொண்டே எட்டு வடிவில் வண்டியை வளைத்து ஓட்டுகிறவர்கூட, ஆர்.டி.ஓ. ஆபீஸில் லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து நின்றதும் இரண்டாவது வளைவில் காலை ஊன்றிவிடுவார். "எனக்கு வண்டி வராதுக்கா" என்று அழுகை வேறு.

வரும். இதில் கரப்பான்பூச்சிக்கே தடுமாற்றம் உண்டு. உளவியல் படிக்கிற என் மகள் சொன்ன கதை இது. 1969-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஸயான்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் கரப்பான்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள். வேடிக்கை பார்க்க வேறு கரப்பான்கள் இருந்தபோது, நேர்ப்பாதையில் ஓடியவை இன்னும் வேகமாக ஓடின. திருப்பம் உள்ள பாதையில் ஓடியவை தாமதமாயின. ஆள் பார்த்தால் பழகிய வேலை மெருகேறும், பழகாதது சொதப்பும். ரோட்டில் நேராகப் போவது உங்களுக்குப் பழகிவிட்டது. எட்டு இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

அதனால் ஒருமுறை சரியாக வந்ததும் நிறுத்தாதீர்கள். கால் ஊன்றாமல் தொடர்ந்து பத்து எட்டு, அதுவும் மூன்று நாள் விடாமல் போட்டால்தான் நான் டெஸ்ட்டுக்கு அனுப்புவேன். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போட்டபின் எப்படியும் 30 நாள் இருக்கிறதே! கடைசி வாரம் ஆட்களை நிறுத்திப் பழகுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், கொழுந்தனார், யார் கிடைத்தாலும் சரி. நான் நாற்காலி போட்டு, நோட்டும் பேனாவுமாக முறைத்துக்கொண்டு உட்காருவேன். நோட்டில் எழுதுவது பெரும்பாலும் மளிகைக் கணக்கு.

முன்சக்கரத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். கண் போகிற பக்கம்தான் வண்டியும் போகும். வளைவில் நுழையும்போதே, அது எங்கே முடிகிறதோ அங்கே பார்வை போய்விட வேண்டும். ஆக்ஸிலேட்டரைச் சீராகப் பிடித்து, பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி போங்கள். "இப்போ கையைத் திருப்பணும்" என்று உள்ளுக்குள் உத்தரவு போட ஆரம்பித்தால் கை விறைத்துவிடும்.

நெஞ்சு படபடக்கிறதா? "பதறாதே, அமைதியா இரு" என்று நானும் பல வருஷம் சொன்னேன். பலித்ததில்லை. ஹார்வர்டின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மேடையில் பேசும் முன் தன்னை அமைதிப்படுத்திக்கொண்டவர்களைவிட, "உற்சாகமாக இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் நன்றாகப் பேசினார்களாம். அவர் ஸ்கூட்டி ஓட்டவிட்டுப் பார்க்கவில்லைதான். இருந்தாலும் இப்போது என்னிடம் பழகும் பிள்ளைகள் வண்டியை எடுக்குமுன் "ஜோரா இருக்கு" என்று முணுமுணுப்பார்கள். சிரிப்பு வரும், தோள் தளரும்.

டெஸ்ட் அன்றைக்கு, நீங்கள் பழகிய வண்டியையே கொண்டுபோங்கள். வீட்டுக்காரர் கூட வந்தால் டீக்கடையோடு நிறுத்திவிடுங்கள். வேலி ஓரம் நின்று "பாத்து, பாத்து!" என்று கத்தியே மனைவியைக் காலை ஊன்ற வைத்த இரண்டு பேரை எனக்குத் தெரியும்.