ரெஸ்பிரேட்டரி தெரபி படிப்பு: சேரும் முன்பும் பின்பும் சறுக்கும் இடங்கள்

மருத்துவ சீட் கிடைக்காத கையோடு, கவுன்சிலிங்கின் கடைசி நாளில், மூச்சுச் சிகிச்சையைக் கற்பிக்கும் இந்தப் படிப்பை எடுப்பவர்கள் அதிகம். அதில் குற்றமில்லை. கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, அதன் ஐசியுவைப் பார்க்காமல் பணம் கட்டுவதுதான் பிசகு. நான்காண்டு பி.எஸ்சி.யில் ஓராண்டு முழுக்கப் பயிற்சிதான். எத்தனை வென்டிலேட்டர் (செயற்கைச் சுவாசக் கருவி) ஓடுகின்றன, பச்சிளங்குழந்தைகள் ஐசியு உண்டா, ஏபிஜிக்கு (தமனி ரத்தத்தில் உள்ள வாயுக்களை அளக்கும் பரிசோதனை) ரத்தம் எடுப்பது யார் என்று சீனியர்களிடம் கேளுங்கள். எல்லாவற்றையும் நர்ஸும் மயக்கமருந்து டெக்னீஷியனும் பார்த்துக்கொள்ளும் மருத்துவமனையில், மாணவருக்கு மிஞ்சுவது டியூப் கழுவும் வேலை. பல்கலைக்கழக இணைப்பில்லாத குறுகியகாலச் சான்றிதழை நம்பி இறங்கவே வேண்டாம்.

சேர்ந்த பிறகு, வென்டிலேட்டரின் பட்டன்களை மனப்பாடம் செய்து இயற்பியலைக் கைகழுவுவது பெரிய தவறு. பீக் பிரஷர் (காற்று உள்ளே போகும்போது எட்டும் உச்ச அழுத்தம்) ஏறி, பிளாட்டோ பிரஷர் (காற்றோட்டத்தை நொடிநேரம் நிறுத்திப் பார்க்கும் அழுத்தம்) அப்படியே இருந்தால் கோளாறு காற்றுப் பாதையில்: சளி அடைப்பு, மூச்சுக்குழல் இறுக்கம், நோயாளி டியூபைக் கடிப்பது. இரண்டும் சேர்ந்து ஏறினால் நுரையீரல் விறைத்திருக்கலாம், நெஞ்சறையில் காற்று புகுந்திருக்கலாம். இந்த வித்தியாசம் பிடிபடாதவர் அலாரத்தை அணைக்கத்தான் பழகுவார்.

டைடல் வால்யூமை (ஒரு மூச்சில் உள்ளே தள்ளும் காற்றின் அளவை) நிஜ உடல் எடையை வைத்துக் கணக்கிடுவதும் அடிக்கடி நடக்கிறது. பருமன் கூடினால் நுரையீரல் வளராது, உயரத்தை வைத்து வரும் உத்தேச எடையில்தான் கணக்கு. 160 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 45.5 + 0.91 × (160 − 152.4), அதாவது சுமார் 52.4 கிலோ. கிலோவுக்கு 6 மி.லி. வீதம் சுமார் 315 மி.லி. போதும். அவருடைய நிஜ எடை 90 கிலோ என்று 540 வைத்தால், ஏற்கெனவே நொந்த நுரையீரல் மேலும் கிழியும்.

ஏபிஜி சிரிஞ்சில் காற்றுக்குமிழை விட்டுவைத்தால் ஆக்சிஜன் அளவு பொய்யாகும். குமிழை உடனே வெளியேற்றி, தாமதிக்காமல் மெஷினில் போடுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைக்கு ஆறு மாதம் பிடிக்கும். வார்டுக்குப் போகும் வாரத்தில் நினைத்துப் பயனில்லை.

வெளிநாட்டுக் கனவில்தான் ஏமாற்றம் அதிகம். அமெரிக்காவில் என்பிஆர்சி (ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்களுக்குச் சான்று தரும் அமைப்பு) தேர்வு எழுத, அங்குள்ள கோஆர்க் (இந்தப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும். நம் பட்டத்தோடு நேரே போய் உட்கார முடியாது. வளைகுடாவுக்கு, சான்றிதழ்கள் உண்மையா என்று பார்க்கும் டேட்டாஃப்ளோ நிறுவனத்தின் சரிபார்ப்பில் அனுபவக் கடிதத்தைத் துருவுவார்கள். பதவிப்பெயர் வெறும் ‘டெக்னீஷியன்’ என்றிருந்தால் சிக்கல் வரும். வேலையை விடும்போதே சரியான பதவிப்பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதியோடு கடிதத்தை வாங்கிவிடுங்கள். மூன்று வருடம் கழித்துப் போனால், கையெழுத்துப் போட வேண்டிய எச்ஆர் அங்கே இருக்கமாட்டார்.