வேலூர்லருந்து மெட்ராஸ்ல வீடு வாங்கறதுக்கு பாக்கப் போறவங்களுக்கு

பங்குனில போறதா இருந்தா காட்பாடில காலைல மொத ட்ரெய்ன புடிச்சிடுங்க, வெயில் ஏறுறதுக்குள்ள ரெண்டு வீடாச்சும் பாத்துடலாம். கடல் பக்கத்து ஏரியான்னா போர் தண்ணிய வாய்ல ஊத்திப் பாருங்க, உப்பு கரிச்சா அப்புறம் லாரி தண்ணிதான், புரோக்கருங்க இத அவங்களா சொல்ல மாட்டாங்க, மழைக்கு தெருவுல எவ்ளோ தண்ணி நிக்கும்னு பக்கத்து கடைக்காரர்கிட்டயும் கேட்டுக்குங்க. 30 வருஷ வில்லங்கம் (வீட்டு மேல அடமானம், பழைய விக்கிரயம் ஏதாச்சும் பதிவாகி இருக்கான்னு காட்டுற சான்று) போட்டுப் பாக்காம அட்வான்ஸ் மட்டும் குடுத்துடாதீங்க ப்ளீஸ், பதிவுத்துறை வெப்சைட்லயே பாக்கலாம். வீட்டு மதிப்புல முத்திரைத்தாளுக்கு 7 சதவீதம், பதிவுக்கு 2 சதவீதம் தனியா எடுத்து வைங்க.

மயிலாப்பூர்னா கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழா எட்டாம் நாள் அறுபத்துமூவர் அன்னிக்கு வீடு பாக்கறது நடக்காது, மாட வீதி பூரா ஜனம், அன்னிக்கு சாமிய பாருங்க, வழியெல்லாம் நீர்மோரும் அன்னதானமும் குடுப்பாங்க, அவ்ளோ நல்லாருக்கும். மத்த நாள்ல சாயங்காலம் மெரினால மீன் வறுவல் சாப்ட்டுட்டு நைட்டு ட்ரெய்ன்ல திரும்பிடலாம்.