ஸ்லாவிய மொழிகளில் ‘மீன்’: வாயால் சொல்ல, பலகையில் எழுத

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கரையில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர்கள் ஸ்லாவிய மொழிகளில் முதலில் பழக வேண்டியது ‘மீன்’. ரஷ்யர், போலந்துக்காரர், செக், சேர்பியர், பல்கேரியர் எல்லோருக்கும் அடிச்சொல் ஒன்றே. நடுவிலுள்ள உயிரொலி மட்டும் மாறும்.

செக், ஸ்லோவாக், சேர்பிய, குரோஷிய, பல்கேரியக்காரரிடம் ‘ரிபா’ என்றால் போதும். ரஷ்ய, பெலாரஸ், போலந்து மொழிகளில் அந்த இகரம் சரிவராது. அங்கே வருவது ஏறக்குறைய நம் குற்றியலுகரம். ‘காசு’ என்று சொல்லி, கடைசியில் உதடு குவியாமல் வரும் ஒலியைப் பிடித்து ர-வுக்கும் ப-வுக்கும் நடுவில் வையுங்கள். உதடு குவிந்தால் ‘ரூபா’ ஆகிவிடும். விலை சொல்கிறீர்கள் என்று நினைப்பார்கள். அழுத்தம் முதல் அசையில். கடைசி ஆகாரத்தை இழுக்க வேண்டாம். ப, ‘கம்பு’வில் வருவதுபோல. ‘ரிப்பா’வும் பிழை, ‘ரிவா’வும் பிழை.

பலகை எழுதும்போதுதான் அதிகம் பிழைக்கும். ரஷ்ய மொழியில் நான்கு எழுத்து. முதலாவது ஆங்கில ‘பீ’ (P) போலிருக்கும், ஒலி ர. இரண்டாவது, வயிறுள்ள ஒரு துண்டும் பக்கத்தில் தனிக்கோடும். இரண்டும் சேர்ந்து ஓர் எழுத்து, இடைவெளி விடக்கூடாது. மூன்றாவதற்கு மேலே நேர்கோடு, கீழே ஒரே வயிறு. ஆங்கில B-யைப்போல் இரண்டு வயிறு போட்டால் ‘வ’ ஆகிவிடும். கடைசி ஆங்கில ‘ஏ’. உக்ரேனிய, பல்கேரிய, மசிடோனிய மொழிகளுக்கு இரண்டாவதை மாற்றி, கண்ணாடியில் தெரியும் பெரிய ‘என்’ போல எழுதுங்கள். போலந்து, செக், ஸ்லோவாக் மொழிகளுக்கு ஆங்கில எழுத்து, நடுவில் ‘வை’. குரோஷிய, ஸ்லோவேனிய மொழிகளுக்கு ‘ஐ’.

‘புதிய மீன்’ என்று எழுதும்போது மிகக் கவனம். ரஷ்யருக்கு ‘ஸ்வியேஜயா’, போலந்துக்காரருக்கு ‘ஷ்வியேஜா’, செக்காரருக்கு ‘செர்ஸ்த்வா’ (ச-வை ‘பச்சை’யில் வருவதுபோல் அழுத்த வேண்டும்). இந்தச் செக் சொல்லை மற்ற இருவருக்கும் எழுதிவிடாதீர்கள். அதன் உறவுச்சொல் அவர்களுக்குக் காய்ந்து இறுகிய பாணைக் குறிக்கும். காலையில் கரைக்கு வந்த பாரையை அந்தச் சொல் பழசாக்கிவிடும்.

கேட்கும்போது சொல்லின் வால் மாறும். ‘மீன்’ ‘மீனை’ ஆவதுபோல ரஷ்யர் ‘ரிபு’ என்பார், போலந்துக்காரர் ‘ரிபெ’ (இவ்விரண்டிலும் இகரத்துக்குப் பதில் மேலே சொன்ன குற்றியலுகர ஒலி), ஸ்லோவேனியர் ‘ரிபோ’. பல்கேரியர் ‘ரிபாதா’ என்றால் ‘அந்த மீன்’. எதைக் காட்டுகிறார் என்று கையைப் பாருங்கள்.