மலையில் சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? முதலில் கெர்னல் லாகைப் பாருங்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலை ஃபேக்டரிகளில் பச்சை இலைக் கணக்கு ஓடுகிற லினக்ஸ் சர்வர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆனால், யுபிஎஸ் மேல் பழி போடுவார்கள், இல்லாவிட்டால் ஓஎஸ்ஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள், அதோடு ஆதாரமும் போய்விடும்.

சிஸ்டம் லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளையில் முந்தைய பூட்டின் கெர்னல் லாகை, அதாவது லினக்ஸின் மையப் பகுதி எழுதிவைக்கும் குறிப்பை எடுங்கள். வார் லாக் (/var/log) டைரக்டரிக்குள் ஜர்னல் ஃபோல்டர் இல்லையென்றால் பல சிஸ்டங்களில் ரீபூட்டோடு லாக் காணாமல் போகும், அதனால் இன்றே அதை உருவாக்கி வையுங்கள். லாக் பாதியில் அறுந்திருந்தால் கரண்ட் போயிருக்கலாம், அல்லது டிஸ்கில் எழுத நேரமில்லாமல் கெர்னல் பேனிக் ஆகியிருக்கலாம், அதாவது மீள முடியாத பிழையால் தானே நின்றிருக்கலாம். அப்போது அடுத்த பூட்டின் ஆரம்ப வரிகளையும் பாருங்கள். பவர் முழுதாக அறாமல் ரீசெட் மட்டும் ஆகியிருந்தால் பிராசசரின் எரர் ரெஜிஸ்டர்கள் பெரும்பாலும் அழியாது, கெர்னல் எழுந்ததும் அவற்றைப் படித்து "ஹார்ட்வேர் எரர், சிபியு 2, மெஷின் செக், பேங்க் 5" என்கிற மாதிரி எழுதும். மெஷின் செக் என்றால் பிராசசரே கண்டுபிடித்துச் சொல்லும் பிழை, பேங்க் என்றால் எரர் ரெஜிஸ்டர்களின் ஒரு தொகுதி. பக்கத்தில் வரும் ஸ்டேட்டஸ் எண்ணை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அதில் (0-விலிருந்து எண்ணினால்) 61வது பிட் 1 என்றால் ஹார்ட்வேரால் திருத்த முடியாத பிழை. 57வது பிட்டும் 1 என்றால் பிராசசரின் நிலையையே நம்ப முடியாது, அதற்கு மேல் ஓடினால் கணக்கே தப்பாகிவிடும் என்பதால்தான் கெர்னல் பேனிக் ஆகிறது. என்னைக் கேட்டால் நின்றதே நல்லது.

அப்புறம் ஹார்ட்வேர் பிழைகளைப் பதிவுசெய்யும் ராஸ்டீமன் (rasdaemon) போடுங்கள். பிழையைத் தானே திருத்தும் இசிசி ரேம் இருந்து, போர்டும் அதை ஆதரித்தால், திருத்தப்பட்ட பிழைகளை எந்த ஸ்லாட் என்பது வரை எண்ணிக் காட்டும். சாதாரண ரேம் என்றால் சர்வர் ஓடும்போது மெமரி பிழையை இப்படிக் கண்டுபிடிக்க வழியே இல்லை, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்தான் கதி, ராத்திரி முழுக்க ஓட விடுங்கள்.

பேனிக் ஆன நேரத்து மெமரியைச் சேமிக்கும் கேடம்பும் (kdump) அவசியம். பூட் பாராமீட்டரில் கிராஷ்கெர்னல் என்று சொல்லி 256 எம்பி ஒதுக்கினால், பேனிக் ஆனதும் அந்த இடத்தில் இரண்டாவது கெர்னல் எழுந்து முதல் கெர்னலின் மெமரியை டிஸ்கில் சேமிக்கும். பெரிய சர்வருக்கு இன்னும் கூட்ட வேண்டும். ஃபேக்டரி மூடியபின், டேட்டாபேஸை நிறுத்திவிட்டு, கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளை தரும் சிஸ்ஆர்க்யூவில் (SysRq) சி கொடுத்து வேண்டுமென்றே ஒரு தடவை விழவைத்துப் பாருங்கள். சோதிக்காத கேடம்ப் தேவைப்படும் நாளில் காலை வாரிவிடும்.

ரேம்தான் என்று தெரிந்தாலும் உடனே வாங்காதீர்கள். ஜூனிலிருந்து மழையும் மூடுபனியும், எதைத் தொட்டாலும் ஈரம், காண்டாக்டில் பாசி மாதிரி படிந்துவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, வேறு ஸ்லாட்டில் மாற்றிப் போடுங்கள். பிழை ரேமோடு சேர்ந்து நகர்ந்தால் ரேம் போச்சு, பழைய ஸ்லாட்டிலேயே நின்றால் போர்டையோ பிராசசரையோ பார்க்க வேண்டும்.

இவ்வளவு உயரத்தில் காஸ்மிக் கதிர்களால் ஒரு பிட் புரள்வது சமவெளியைவிட அதிகம் நடக்கும், அது நிஜம். ஆனால் அது ஒரே இடத்தைத் தேடித் தேடி அடிக்காது. எப்போதாவது ஒன்று, வேறு வேறு முகவரியில் வந்தால் விட்டுவிடுங்கள். துடைத்து மாற்றிப் போட்ட பிறகும் ஒரே முகவரி திரும்பத் திரும்ப வந்து, பிழை ரேமோடு நகர்ந்தால், திருத்தப்பட்ட பிழைதானே என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே ரேமை மாற்றிவிடுங்கள்.